டாக்சிக்காரருக்காகப் பிறந்த நிறுவனம்



'கிராப்' என்பது இன்று ஒரு நிறுவனத்தின் பெயராக மட்டும் இல்லை. "கிராப் போட்டு வந்துவிடு" என்று அம்மா மகளிடம் சொல்கிறார். "கிராப்பில் அனுப்பி வை" என்று அக்காள் தங்கையிடம் சொல்கிறார். நம் பேச்சில் அது வினைச்சொல்லாகவே மாறிவிட்டது. ஆனால் 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோலாலம்பூரில் தொடங்கியபோது அந்த நிறுவனத்தின் பெயர் கிராப் அல்ல, 'மைடெக்சி'. என் டாக்சி என்று பொருள். பெயரிலேயே டாக்சி இருந்தது. அந்தச் சொல் பெயரிலிருந்து எப்படிக் காணாமல் போனது என்று பார்த்தால், இந்த நிறுவனத்தின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும். டாக்சி ஓட்டிப் பிழைத்த நம் குடும்பங்களின் வரலாறும் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் அதற்கு முந்தைய காலத்தைப் பார்ப்போம். கோலாலம்பூரில் டாக்சி பிடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் மீட்டர் ஓடாது. புக்கிட் பிந்தாங்கில் ஏறினால் ஒரு விலை, அடுத்த தெருவில் ஏறினால் வேறு விலை. "அந்தப் பக்கம் நெரிசல், நான் வரவில்லை" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! பயணிகளுக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

ஆனால் அந்த ஓட்டுநர் ஏன் அப்படி நடந்துகொண்டார்? பலரிடம் சொந்தமாக டாக்சி பெர்மிட் கிடையாது. பெர்மிட் நிறுவனங்களின் கையில் இருந்தது. ஓட்டுநர் அந்த நிறுவனத்திடம் வண்டியை வாங்கி, அன்றாடம் 'பாஜாக்' எனும் வாடகையைக் கட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பயணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும், பாஜாக் நிற்காது. காலையில் வண்டியை எடுக்கும்போதே அவர் கடனாளி. நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றால் மீட்டர் அவருக்குக் கைகொடுக்காது. மீட்டரை மறுத்தது அவருடைய குணக்கேடு மட்டுமல்ல, அந்த ஏற்பாடே அவரை அந்த இடத்துக்குத் தள்ளியது. இதைச் சொல்வதால் நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். நோயின் காரணம் தெரிந்தால்தான் மருந்து ஏன் வேலை செய்தது என்பது புரியும்.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இரண்டு மலேசியர்கள் படித்தார்கள். ஒருவர் அந்தோணி டான், மற்றவர் டான் ஹூய் லிங். குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். மலேசியாவுக்கு வந்து போன ஒரு நண்பர், உங்கள் ஊர் டாக்சிகள் ஏன் இவ்வளவு மோசம் என்று அந்தோணியிடம் குறைப்பட்டுக்கொண்டதிலிருந்து யோசனை பிறந்தது என்பார்கள். என் பார்வையில் ஹூய் லிங்கின் கதைதான் இன்னும் ஆழமானது. கோலாலம்பூரில் ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது அவர் இரவு வெகு நேரம் கழித்து டாக்சியில் வீடு திரும்புவார். தாம் எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்பதை வழியெல்லாம் தாயாருக்குக் குறுந்தகவலில் சொல்லிக்கொண்டே வருவார். மகள் படியேறும் வரை தாயார் தூங்கமாட்டார். வண்டி எங்கே போகிறது என்பதை இன்று திரையில் ஒரு புள்ளியாகப் பார்க்கிறோமே, அது அந்தத் தாயின் கவலைக்குக் கிடைத்த விடை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருவரும் சேர்ந்து எழுதிய வணிகத் திட்டம் 2011ஆம் ஆண்டு ஹார்வர்டு போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பரிசு 25,000 அமெரிக்க டாலர்.

அந்தோணி சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை அல்லர். நிசான் கார்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்ற டான் சோங் மோட்டார் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் அதே குடும்பத்தில் அவருடைய கொள்ளுத்தாத்தா டாக்சி ஓட்டியவர். ஒரு தலைமுறை டாக்சி ஓட்டியது, அடுத்த தலைமுறை கார் விற்றது. கொள்ளுப்பேரனோ ஒரு கார்கூட வாங்காமல், ஊரிலுள்ள கார்களையெல்லாம் தம் வியாபாரத்துக்கு ஓட வைத்தார். குடும்பத் தொழிலை விட்டு வந்த மகனின் முயற்சியில் முதலில் பணம் போட்டவர்களில் அவருடைய தாயாரும் ஒருவர். இந்தக் கதையில் தாய்மாருக்கு இரண்டு இடம் என்பதைக் கவனியுங்கள்.

தொடக்கத்தில் மைடெக்சியிடம் சொந்த டாக்சி கிடையாது, பெர்மிட்டும் கிடையாது. டாக்சி நிறுவனங்களின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினார்கள், பலர் கையை விரித்தார்கள். அன்று விவேகக் கைப்பேசி எல்லார் கையிலும் இல்லை. வரைபடத்தைத் தொட்டு நகர்த்தத் தெரியாத ஐம்பது வயது ஓட்டுநருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பப் புரட்சி என்று இன்று பெரிதாகப் பேசுகிறோம். உண்மையில் அது ஆள் ஆளாகப் பார்த்துப் பேசிப் பொறுமையோடு செய்த வேலை. அந்தக் காலத்தில் நிறுவனம் ஓட்டுநருக்குச் சொன்ன செய்தி ஒன்றுதான்: வெறும் வண்டியோடு தெருவைச் சுற்றி எண்ணெயை எரிக்காதீர்கள், பயணி எங்கே நிற்கிறார் என்று நாங்கள் சொல்கிறோம். பாஜாக் கட்ட அலைந்தவருக்கு அது தேன்போல் இனித்தது.

அதன் பிறகு வளர்ச்சி வேகமாக நடந்தது. 2013இல் பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. 2014இல் வியட்நாம், இந்தோனேசியா. அந்நாடுகளில் 'கிராப்டாக்சி' என்று பெயர். 2014இல் தெமாசெக்கின் துணை நிறுவனமான வெர்டெக்ஸ் முதலீடு செய்தது. அதே ஆண்டு இறுதியில் ஜப்பானின் சாப்ட்பேங்க் 250 மில்லியன் அமெரிக்க டாலர் போட்டது. தலைமையகமும் சிங்கப்பூருக்குப் போனது. நம் மண்ணில் முளைத்த செடியை அடுத்த வீட்டுக்காரர் எடுத்துப்போய் நட்டுக்கொண்டார் என்று நம்மில் பலருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. தண்ணீர் ஊற்றியவர் யார் என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது கதையின் திருப்பத்துக்கு வருகிறேன். 2014இல் 'கிராப்கார்' வந்தது. டாக்சி பெர்மிட் இல்லாத சாதாரணத் தனியார் கார்களும் அதே செயலியில் பயணிகளை ஏற்றலாம். அமெரிக்காவின் ஊபர் இதே முறையோடு நம் நகரங்களுக்குள் நுழைந்துவிட்டது, அதைச் சமாளிக்க வேறு வழி இல்லை என்பது நிறுவனத்தின் தரப்பு. வியாபாரக் கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் டாக்சிக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரிடம் வந்து, கைப்பேசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, "நாங்கள் உங்களுக்காக" என்று சொன்ன அதே நிறுவனம் இப்போது அவருடைய பயணியைப் பக்கத்து வீட்டுக்காரரின் மைவிக்கு அனுப்புகிறது. அந்தக் காருக்குப் பெர்மிட் இல்லை, பாஜாக் இல்லை, கட்டணமும் குறைவு. 2016 ஜனவரியில் நிறுவனம் பெயரை வெறும் 'கிராப்' என்று சுருக்கிக்கொண்டது. மைடெக்சியிலிருந்த டாக்சி இறங்கிவிட்டது.

அதே ஆண்டு மார்ச் மாதம் டாக்சிக்காரர்கள் புக்கிட் பிந்தாங் சாலையில் வண்டிகளை நிறுத்தி மறியல் செய்தார்கள். சாலையில் மாட்டிக்கொண்ட பொதுமக்களின் அனுதாபத்தை அது தேடித் தரவில்லை. மீட்டர் போடாத நாட்களை மக்கள் மறக்கவில்லை. 2018 அக்டோபரில் லங்காவியில் அன்றைய பிரதமர் துன் மகாதீருடன் நடந்த சந்திப்பிலிருந்து ஓட்டுநர்கள் பலர் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கை தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உரிமமும் சோதனையும் எங்களுக்கு மட்டும் ஏன் என்றுதான் கேட்டார்கள்.

ஊபரோடு நடந்த போட்டி தனிக்கதை. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊபர் கடன் அட்டையை நம்பி வந்தது. கிராப் முதலிலிருந்தே ரொக்கம் வாங்கியது. கையில் பத்து வெள்ளி நோட்டோடு சந்தைக்குப் போகும் மக்கள் வாழும் ஊர்களில் எது வெல்லும் என்று சொல்ல ஹார்வர்டு படிப்பு தேவையில்லை. போதாக்குறைக்கு இரு தரப்பும் தள்ளுபடிச் சலுகைகளை அள்ளி இறைத்தன. மூன்று வெள்ளிக்கும் நான்கு வெள்ளிக்கும் போய்வந்தோமே, அது முதலீட்டாளர்களின் பணம். 2018 மார்ச் 26ஆம் தேதி ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடாக அந்நிறுவனத்தில் 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டது. இந்த இணைப்பு போட்டியைக் கெடுத்தது என்று சிங்கப்பூரின் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. அந்த மலிவுக் காலம் அத்துடன் முடிந்தது.

சட்டம் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. நம் நாடாளுமன்றம் 2017இல் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி இ-ஹெய்லிங் சேவையை அங்கீகரித்தது. 2019 அக்டோபர் முதல் இ-ஹெய்லிங் ஓட்டுநர்களும் பிஎஸ்வி உரிமம், மருத்துவச் சோதனை, வாகனச் சோதனை ஆகியவற்றை முடித்திருக்க வேண்டும் என்ற விதி முழுமையாக அமலுக்கு வந்தது. டாக்சிக்காரர்கள் கேட்டது ஓரளவு கிடைத்தது. அதற்குள் பலர் டாக்சியை ஒப்படைத்துவிட்டு, சொந்தக் கார் வாங்கி, தாங்கள் எதிர்த்த அதே செயலியில் சேர்ந்திருந்தார்கள்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த 2020இல் பயணிகள் இல்லை, ஆனால் உணவுப் பொட்டலங்கள் இருந்தன. பச்சைச் சட்டைகள் தெருவை நிறைத்தன. 2021 டிசம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் கிராப் இடம்பெற்றது. ஏறக்குறைய 40 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்பு பேசப்பட்ட அந்த நிறுவனத்தின் பங்கு முதல் நாளிலேயே 20 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. முதல் காலாண்டு லாபத்தைக் காண 2023ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாபம் 11 மில்லியன் டாலர். அந்த ஆண்டு இறுதியில் ஹூய் லிங் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார்.

சரி, ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று? முன்பு பாஜாக், இப்போது கமிஷன். பயணி ஏறினால்தான் கமிஷன் என்பது நல்ல மாற்றம்தான். ஆனால் கார் வங்கிக் கடனில் வாங்கியது, தவணை மாதந்தோறும் நிற்காமல் வருகிறது. சிங்கப்பூரில் பலர் காரை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். வாடகைக்கு விடும் நிறுவனங்களில் கிராப்பின் துணை நிறுவனமும் ஒன்று. முன்பு முதலாளியின் முகமாவது தெரிந்தது, அலுவலகத்தில் போய்ச் சண்டை போடலாம். செயலி கணக்கை முடக்கினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இரு நாடுகளும் இதற்கு இப்போதுதான் பதில் தேடுகின்றன. மலேசியாவில் சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு 2017இல் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களிடமிருந்துதான் தொடங்கியது. 2025 ஆகஸ்டு மாதம் கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது. தகராறுகளை விசாரிக்கத் தனி நடுவர் மன்றம் அமைக்க அது வகை செய்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி 1 முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் உள்ளது. வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு உண்டு. 1995ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு நிறுவனமும் மத்திய சேமநிதிக்குக் கூடுதலாகச் செலுத்த வேண்டும். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். 2012இல் மைடெக்சிக்காரர்கள் உட்கார்ந்து கைப்பேசி கற்றுக்கொடுத்த ஓட்டுநர்களின் வயதுக்காரர்கள் எல்லாரும் அந்த இரண்டாவது வரிசையில்தான் இருக்கிறார்கள்.