சோலைபாடி விலைபோகும் வழி

சோலைபாடியைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் காதால் கேட்டவர்கள் அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில், புலர்வதற்குள் பாட ஆரம்பித்துவிடும். மினுங்கும் கறுப்புத் தலை, செங்காவி வயிறு, உடம்பைவிட நீண்ட வால். இதே பறவை இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் வாழ்கிறது. அங்கே அதன் பெயர் முராய் பாத்து. அந்தக் காட்டிலிருந்து ஜாவாவின் கூண்டுக்கு அது போகும் வழியை அறிந்த பிறகு, இங்கே அதன் குரல் கேட்டாலும் எனக்கு அந்த வழிதான் நினைவுக்கு வருகிறது.

ஆண் சோலைபாடி தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைப் பொறுக்காது. பிடிப்பவருக்கு அது போதும். நம்மூரில் கௌதாரிக்குப் ‘பார்வை’ வைப்பார்களே, அதுபோல ஒரு கூண்டுப் பறவையைப் பாடவிட்டு, அல்லது செல்போனில் பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டு, பக்கத்தில் மெல்லிய நைலான் வலையைக் கட்டிவிடுவார். சண்டைக்கு வரும் பறவை வலையில் விழும். பிடிப்பவர் பெரும்பாலும் சிறு விவசாயி. ஒரு பறவை பல நாள் கூலிக்குச் சமம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அங்கிருந்து தரகர் கைக்கு. சுமத்ராவின் தென்கோடியில் பகாவுஹேனி துறைமுகம்; கப்பலேறிச் சுந்தா நீரிணையைக் கடந்தால் ஜாவாவின் மெராக். பறவையைக் கொண்டுபோக நோயில்லை என்ற சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பறவைகள் பேருந்தின் அடியில் சாமான் அறைக்குள், லாரிகளில் சரக்குக்கு நடுவே, பழக்கூடை போன்ற தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைபட்டுப் போகின்றன. காற்று குறைவு, தண்ணீர் குறைவு. வழியில் சாவதும் வியாபாரத்தில் ஒரு செலவு. மலிவான சிறு பறவைகளை நூற்றுக்கணக்கில் ஏற்றுகிறவருக்கு, பிழைத்தவை விற்றாலே முதல் திரும்பிவிடும்.

ஜகார்த்தாவின் பிரமுகா சந்தை ஆசியாவின் பெரிய பறவைச் சந்தைகளில் ஒன்று. 2014-இல், காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பினர் அதையும் சேர்த்து நகரின் மூன்று சந்தைகளில் மூன்றே நாளில் எண்ணியவை 19,036 பறவைகள், 206 இனங்கள். இத்தனைக்கும் வாங்க ஆள் இருக்கிறது. வீடு, மனைவி, குதிரை, குறுவாள், பறவை என்று ஐந்தும் அமைந்தவனே முழு ஆண் என்பது ஜாவாவின் பழைய வழக்கு. தீவின் 3.6 கோடிக் குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு பறவை வளர்க்கிறது, கூண்டில் இருப்பவை 6.6 கோடி முதல் 8.4 கோடி வரை என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆனால் விலையை ஏற்றுவது வீட்டுத் திண்ணை அல்ல, போட்டிக் களம். வரிசையாகக் கூண்டுகளைத் தொங்கவிட்டு, நடுவர்கள் கீழே நடந்துகொண்டே குரலின் வலு, பாட்டின் வகை, நிற்கும் அழகு எல்லாவற்றையும் பார்த்துக் கொடி நடுகிறார்கள். சுற்றிலும் உரிமையாளர்களின் கூச்சல். வென்ற பறவையின் விலை ஒரே நாளில் பல மடங்கு ஏறும். 2018-இல் போகோர் தாவரவியல் பூங்காவில் நடந்த அதிபர் கோப்பைப் போட்டியில், ஒரு முராய் பாத்துவுக்கு அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோவே 60 கோடி ரூபியா விலை கேட்டார். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 28 லட்சம். உரிமையாளர் கொடுக்கவில்லை.

அந்த 60 கோடி ஒரு பறவைக்குத்தான். ஆனால் அது லாட்டரிப் பரிசு மாதிரி, காட்டில் வலை கட்டுகிறவர் வரைக்கும் ஆசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மற்ற சரக்கு அருகிப்போனால் தேடும் செலவு கட்டுப்படியாகாமல் தேடுகிறவர் விட்டுவிடுவார். இங்கே அருக அருக விலை ஏறுகிறது, ஏறிய விலை இன்னும் உள்காட்டுக்கு ஆளை அனுப்புகிறது. சுசாக் ராவா என்னும் பெரிய கொண்டைக்குருவியினப் பறவை ஜாவாவில் இப்படித்தான் தீர்ந்தது.

2018-இல் இந்தோனேசிய அரசு சோலைபாடியையும் சுசாக் ராவாவையும் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்த்தது. வளர்ப்பவர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டிலேயே இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022-இல் பனாமாவில் நடந்த, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்த மாநாடு சோலைபாடியின் நாடுகளுக்கிடையேயான வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் நடுவே அது செல்லாது, இரண்டும் ஒரே நாடு. ஜாவாவில் கூண்டிலேயே குஞ்சு பொரிக்க வைப்பவர்கள் பெருகியிருப்பது உண்மையான ஆறுதல். ஆனாலும் ‘மூடா ஹூத்தான்’, காட்டில் பிடித்த இளம் பறவை, என்று சொல்லி விற்றால் இன்றும் வாங்க ஆள் உண்டு.

வாங்கியவர் அதற்குச் சுவர்க்கோழியும் முசுறு எறும்பின் முட்டையும் ஊட்டி, பாட்டுச் சொல்லித்தருகிறார். சோலைபாடி கேட்டதைப் பாடும். அதற்கு வாத்தியாராக வைக்கவே சிலிலின் என்னும் கொண்டைப் பறவையையும் காட்டிலிருந்து பிடித்தார்கள். ஜாவாக் காடுகளில் அதுவும் அருகிவிட்டது. இப்போது பலர் பதிவை ஒலிக்கவிடுகிறார்கள். கூண்டுக்குத் துணி போர்த்தி, பக்கத்தில் செல்போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். துணிக்குள், இருட்டில், சுமத்ராவின் பறவை ஜாவாவின் சிலிலினைப் பாடிப் பழகுகிறது.