கொழும்பில் வேலை, மும்பையில் குடும்பம்: வரிக்கு ஒப்பந்தம் உண்டு, ஓய்வூதியத்துக்கு இல்லை

மும்பை: மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடும்பத்தை விட்டுவிட்டு, வங்கி, விடுதி, காப்பீடு, தகவல் தொழில்நுட்பப் பணிகளுக்காக இரண்டு, மூன்று ஆண்டுகள் கொழும்பு செல்லும் தமிழர்கள், ஒரே காலத்தில் இரு நாடுகளின் வருமான வரிச் சட்டங்களுக்கும் இரு நாடுகளின் ஓய்வுக்கால நிதி விதிகளுக்கும் உட்படுகின்றனர். ஒரே ஊதியத்துக்கு இரு முறை வரி செலுத்த நேராமல் காக்க இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே ஒப்பந்தம் உள்ளது. ஆனால், ஒரு நாட்டில் பணியாற்றிய ஆண்டுகளை மறு நாட்டின் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் புறப்படுவோர், ஊர் திரும்பும்போது வரியைவிட ஓய்வூதியத்திலேயே அதிகம் இழக்க நேரிடுகிறது.

வரியைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. இரு நாடுகளிலும் வரிக்கான ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. வளைகுடா நாடுகளுக்கோ அமெரிக்காவுக்கோ செல்வோர் ஆண்டுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கும் தொல்லை இங்கு இல்லை.

வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன், அந்த ஆண்டில் 182 நாள்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் மட்டுமே இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார். எனவே ஆண்டின் தொடக்கம் முதல் மும்பையில் இருந்தவர் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறி, மார்ச் 31 வரை திரும்பாமல் இருந்தால், அவ்வாண்டில் வசிக்காதவர் ஆகிறார். கொழும்பு ஊதியம் இந்திய வரிக்கு உட்படாது. அக்டோபரில் புறப்பட்டால் நிலை மாறுகிறது. உலகின் எந்தப் பகுதியில் ஈட்டிய வருமானத்தையும் இந்தியாவில் காட்ட வேண்டும். இலங்கையில் செலுத்திய வரியை இங்குக் கழித்துக்கொள்ளலாம். 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு இதற்கெனத் தாக்கல் செய்ய வேண்டியது படிவம் 67. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கு தொடர்கிறது. பணியில் சேரும் நாளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ளவர்கள் நாள்காட்டியைப் பார்த்த பின் பயணச்சீட்டு வாங்குவது நல்லது.

இலங்கையிலோ 183 நாள்கள் அல்லது அதற்கு மேல் தங்குவோர் அங்கு வசிப்பவர்களாகக் கொள்ளப்படுகின்றனர். இதனால் சில வேளைகளில் ஒருவர் இரு நாடுகளிலும் வசிப்பவராகிவிடுவது உண்டு. அப்போது துணைக்கு வருவது 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு மாற்றாக 2013 ஜனவரி 22-இல் கையெழுத்தான இரட்டை வரி விதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம். நிரந்தர வீடு எங்கு உள்ளது, தனிப்பட்ட, பொருளாதார உறவுகள் எந்த நாட்டுடன் நெருக்கமாக உள்ளன, வழக்கமாக எங்கு வசிக்கிறார், எந்நாட்டுக் குடிமகன் என்ற வரிசையில் அது விடை காண்கிறது. மனைவி, மக்கள், சொந்த வீடு ஆகியவை செம்பூரில் இருப்பவரின் தராசு பெரும்பாலும் இந்தியாவின் பக்கமே சாயும். வரிச் சலுகை பெறுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்ட ஏற்பாடுகளுக்கு ஒப்பந்தப் பலனை மறுக்கும் திருத்த நெறிமுறை 2024 டிசம்பர் 16-இல் கையெழுத்தானது. உண்மையான வேலைக்குச் செல்பவருக்கு அதனால் அச்சம் இல்லை.

இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 லட்சம் இலங்கை ரூபாய் வரை தனிநபர் விலக்கு உண்டு. அதன் பின் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதமும், அடுத்தடுத்த ஐந்து லட்சங்களுக்கு 18, 24, 30 சதவீதமும், எஞ்சிய தொகைக்கு 36 சதவீதமும் வரி. மாதம் 4 லட்சம் இலங்கை ரூபாய் ஊதியம் பெறுபவரின் ஆண்டு வருமானம் 48 லட்சம். விலக்கு போக 30 லட்சத்துக்கு வரி 6 லட்சம். இதை நிறுவனமே மாதந்தோறும் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துகிறது. அந்த வரிச் சான்றிதழும் வரி வசிப்பிடச் சான்றிதழும் கையில் இருந்தால்தான் இந்தியாவில் ஒப்பந்தப் பலனைக் கோர முடியும். வேலையை முடித்து வந்த பிறகு அவற்றைத் தேடுவது எளிதல்ல.

வசிக்காதவர் என்ற தகுதி பெற்றவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊதியம் முதலில் கொழும்பு வங்கிக் கணக்கில் சேர்ந்து, பின்னர் மும்பைக்கு அனுப்பப்பட்டால் இங்கு வரி இல்லை. நிறுவனம் நேரடியாக இந்தியக் கணக்கில் செலுத்தினால், வருமானம் இந்தியாவிலேயே பெறப்பட்டது என்ற வாதத்துக்கு இடமாகும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வேலைக்காகப் புறப்பட்டவுடனேயே மும்பையின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். 182 நாள் கணக்கு இதற்குப் பொருந்தாது.

மாட்டுங்கா வீட்டை வாடகைக்கு விட்டுச் செல்பவருக்கு வாடகை இந்திய வருமானமே. வசிக்காத உரிமையாளருக்கு வாடகை செலுத்தும் குடியிருப்பவர், தொகை சிறிதாயினும், 30 சதவீத வரியும் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 31.2 சதவீதத்தைப் பிடித்தம் செய்ய வேண்டும். இதை அறிந்த குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்ற அறிவிப்பு இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. வசிக்காதவருக்கு 4 லட்சம் ரூபாய்க்கு மேல் வரி தொடங்கிவிடுகிறது.

தாராவியிலிருந்து தோல் பொருள்களைக் கொழும்புக்கு விற்பவருக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. இலங்கையில் கிளை, அலுவலகம் போன்ற நிலையான தொழிலிடம் இல்லாதவரை அவரது வணிக லாபத்துக்கு வரி இந்தியாவில் மட்டுமே.

ஓய்வூதியச் சேமிப்பு

இந்தியாவின் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2009 செப்டம்பரில் பெல்ஜியத்துடன் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான், தென் கொரியா உள்ளிட்ட நாடுகள் அதன்பின் சேர்ந்தன. அண்டை நாடான இலங்கை அப்பட்டியலில் இல்லை. ஆகவே மும்பை நிறுவனம் தன் ஊழியரை இந்திய ஊதியப் பட்டியலில் வைத்தே கொழும்பு அனுப்பினாலும், ஒரு நாட்டில் சந்தா செலுத்துவதைக் காட்டி மறு நாட்டில் விலக்குப் பெறுவதற்கான சான்றிதழ் கிடைக்காது.

இழப்பு எங்கே நேர்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணி தேவை. மும்பையில் 8 ஆண்டுகள் பணியாற்றியவர் கொழும்பில் 3 ஆண்டுகள் இருந்தாலும் கணக்கில் எட்டு ஆண்டுகளே நிற்கும். புறப்படும்போது படிவம் 10சி மூலம் ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டால் அந்த எட்டும் அழிந்துவிடும். அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கோரலாம். திரும்பி வந்து இரண்டு ஆண்டுகள் பணியாற்றினால் பத்து நிறைவாகும். 15,000 ரூபாய் ஊதிய வரம்பில் 10 ஆண்டுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மாதம் சுமார் 2,143 ரூபாய்தான். தொகை சிறிதெனினும் 58 வயது முதல் வாழ்நாள் முழுவதும் வருவது; பின்னர் வாழ்க்கைத் துணைக்கும் தொடர்வது. 2014 செப்டம்பர் 1-க்குப் பின் முதன்முறையாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஊதியத்தில் பணியில் சேர்ந்தவர்கள் இத்திட்டத்தில் இல்லை என்பதால் அவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது.

வருங்கால வைப்பு நிதியின் கதை வேறு. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் முழுத் தொகையையும் எடுக்க 1952-ஆம் ஆண்டுத் திட்டம் இடமளிக்கிறது. ஆனால் தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றாதவர் எடுக்கும் தொகைக்கு வரி உண்டு. எடுக்காமல் விட்டால் 58 வயது வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டி மட்டும் வரிக்கு உட்படும். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறியவர் 36 மாதங்களுக்குள் கோராவிட்டால் கணக்கு செயலற்றதாகி வட்டி நின்றுவிடும். ஒப்பந்தப் பணிக்குச் செல்பவர் இவ்வகையில் வரமாட்டார். அவர்களுக்குப் பெரும்பாலும் நிதியைத் தொடாமல் விடுவதே லாபம். ஆதாருடன் இணைந்த கைபேசி எண்ணை மட்டும் கைவிடக் கூடாது; அந்த எண்ணுக்கு வரும் கடவுச்சொல் இன்றி இணையவழிக் கோரிக்கை எதுவும் நகராது.

பொது வருங்கால வைப்பு நிதியில் (பிபிஎஃப்) ஏற்கெனவே கணக்கு உள்ளவர் 15 ஆண்டு முடியும்வரை தொடரலாம். புதிதாகத் தொடங்கவோ நீட்டிக்கவோ இயலாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர்களும் சேரலாம்.

மும்பையில் வருங்கால வைப்பு நிதி எனப்படுவது இலங்கைத் தமிழில் ஊழியர் சேமலாப நிதியம். 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் சட்டப்படி அமைந்த அதற்கு ஊழியர் 8 சதவீதமும் நிறுவனம் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நிறுவனம் மேலும் 3 சதவீதம் செலுத்துகிறது. முன்பு கூறிய 4 லட்சம் ரூபாய் ஊதியக்காரருக்கு மாதம் 92,000 இலங்கை ரூபாய் சேரும். மூன்று ஆண்டுகளில் வட்டி நீங்கலாக 33.12 லட்சம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியைப் பெறலாம். நாட்டைவிட்டு நிரந்தரமாக வெளியேறுவோர் முன்கூட்டியே கோரலாம். இதற்கான விண்ணப்பம் செல்வது தொழில் திணைக்களத்துக்கு. நிதியை நிர்வகிப்பது இலங்கை மத்திய வங்கி.

அங்கேயே விட்டுவைப்பதா என்ற கேள்விக்கு 2022-ஆம் ஆண்டு நினைவுக்கு வர வேண்டும். அவ்வாண்டு டாலருக்கு சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய் 360 அளவுக்குச் சரிந்தது. 2023-இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சேமலாப நிதியம் வைத்திருந்த கருவூலப் பத்திரங்களும் மாற்றப்பட்டன. இந்தியாவில் செலவிட வேண்டிய பணத்தை இலங்கை நாணயத்தில் இருபது ஆண்டுகள் வைத்திருப்பது பெரிய இடர்.

திரும்பி வந்த பின்

கொழும்பிலிருந்து திரும்பியவர் மீண்டும் இந்தியாவில் வசிப்பவர் ஆகும்போது, அங்குள்ள நிதிக் கணக்குகளை வருமான வரி அறிக்கையின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். அசையாச் சொத்து அல்லாத வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் 2024 அக்டோபர் 1 முதல் இந்த அபராதம் இல்லை. எனினும் காட்ட வேண்டிய கடமை நீங்கவில்லை. வெளிநாட்டு ஓய்வுக்கால நிதியில் சேரும் வருமானத்துக்குப் பணம் எடுக்கும்போது மட்டும் வரி என்ற சலுகை அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளுக்கே அறிவிக்கப்பட்டுள்ளது.

வெளிநாட்டு வருமானத்துக்குச் சில ஆண்டுகள் விலக்குத் தரும் 'வழக்கமாக வசிக்காதவர்' என்ற தகுதிக்கு, முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வசிக்காதவராகவோ, முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாள்களுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவராகவோ இருக்க வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுப் பணிக்குச் சென்றவருக்கு அது எட்டாது.

எதிர்த்திசையில், மும்பைக்கு வேலைக்கு வரும் இலங்கையர் 'பன்னாட்டுப் பணியாளர்' என்ற வகையில் 15,000 ரூபாய் வரம்பின்றி முழு ஊதியத்துக்கும் வருங்கால வைப்பு நிதி செலுத்த வேண்டும். பொதுவாக 58 வயது வரை எடுக்க முடியாது. நட்புறவு உடன்படிக்கைகளின் அடிப்படையில் நேபாளம், பூட்டான் நாட்டவருக்கு இவ்விதி இல்லை. அவர்கள் இந்தியத் தொழிலாளர்களாகவே கருதப்படுகின்றனர். இவ்விதி அரசமைப்புக்கு முரணானது என கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் அதே விதி செல்லும் எனக் கூறியது.