இருக்கைகளின் கணக்கு

இசை மண்டபமொன்றில் ஒலிப்பவை வாத்தியங்கள் மட்டுமல்ல. சுவரும் கூரையும், வந்து அமர்ந்திருக்கும் மனிதர்களுங்கூட அவ்வொலியில் பங்காளிகளே. இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் வோலஸ் சபைன்.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி அடங்க ஐந்தரை செக்கன்கள் சென்றன; அடுத்த சொற்கள் அதனுள் அமிழ்ந்துபோயின. காரணம் காணும் பொறுப்பு இளம் பௌதிகவியல் ஆசிரியரான சபைனிடம் வந்தது. ஊர் உறங்கிய பின் ஓர்கன் குழலை ஒலித்து, அது அடங்கும் நேரத்தைக் கணித்தார். வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவல் கொணர்ந்து பரப்பியும் அகற்றியும் பார்த்தார். மண்டபத்தின் கனவளவு கூடினால் ஒலி நீடிக்கும். மெத்தையும் துணியும் மனித உடலும் கூடினால் விரைவில் அடங்கும். அவருடைய சூத்திரத்தின் சாரம் இவ்வளவே.

1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பனி மண்டபம் அந்தச் சூத்திரத்தின் துணைகொண்டு எழுந்தது. ஜேர்மனியின் லைப்சிக் மண்டபத்தை அப்படியே பெருப்பித்தால் ஒலி அளவுக்கு மீறி நீடிக்கும் என்று சபைன் எச்சரித்தார். அகலத்தை அடக்கி நீளத்தைக் கூட்டினர். உலகின் மிகச் சிறந்த மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகின்றது.

நியூயோர்க்கின் கதை வேறு. அங்கு ஒலியியல் ஆலோசகரான லியோ பெரனெக், உலகின் ஐம்பத்துக்கும் மேற்பட்ட மண்டபங்களை ஆராய்ந்தவர். சுமார் 2,400 இருக்கைகள் கொண்டதாக மண்டபம் திட்டமிடப்பட்டது. போதாது என்ற கூக்குரல் எழவே, தொகை 2,600ஐத் தாண்டியது. சுவர்களின் வடிவமும் மாறியது. 1962இல் திறந்தபோது தாழ்ந்த சுரங்கள் மெலிந்து கேட்டன. வாத்தியக்காரருக்கு ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. 1976இல் உட்புறம் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகக் கட்டினர். அப்போதும் குறை தீரவில்லை. 2022இல், 55 கோடி டொலர் செலவிட்ட திட்டத்தின் பின் மீண்டும் திறந்தபோது, 2,700க்கு மேலிருந்த இருக்கைகள் 2,200ஆகக் குறைக்கப்பட்டிருந்தன.

விஞ்ஞானம் தோற்ற கதையாக இதைச் சொல்வோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. இருக்கைத் தொகை மட்டுமே காரணமென்றும் நான் வாதிடவில்லை. ஆயினும் கூட்டப்பட்ட ஒவ்வோர் இருக்கையும் மண்டபத்தை அகட்டியது. ரசிகனை மேடையிலிருந்து தூரமாக்கியது. கூடுதலானோர் கேட்க வேண்டுமென்ற ஆசை நியாயமானதே. ஆனால் வந்தவர்களுக்கு முதலில் இசை கேட்க வேண்டாமா? ஆசனங்களை எண்ணியவர்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே செவிகளின் கணக்குக்கு இறங்கி வந்தார்கள்.