'காலிகாரி' திரைப்படத்தின் சட்டகக் கதையும் யானோவிட்ஸின் சாட்சியமும்

'டாக்டர் காலிகாரியின் பேழை' 1920 பிப்ரவரி 26 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றது. வெய்ன் பூத் 1961இல் நம்பகமற்ற கதைசொல்லி என்னும் கலைச்சொல்லை வழங்குவதற்கு நாற்பதாண்டுகள் முன்னரே அவ்வுத்தியைத் திரையில் கையாண்ட படைப்பு இது. தூக்கத்தில் நடப்பவன் ஒருவனை ஏவிக் கொலைகள் புரியும் காலிகாரியின் கதையைப் பிரான்சிஸ் கூறுகிறான். அக்கொடியவன் ஒரு மனநோய் விடுதியின் தலைவன் என்றும் நிறுவுகிறான். இறுதியிலோ பிரான்சிஸே அவ்விடுதியின் நோயாளி எனத் தெரியவருகிறது.

இம்முடிவைக் குறித்து நெடுங்காலம் ஆட்சி செலுத்திய விளக்கம் சீக்ஃபிரீட் கிராக்காவருடையது. ஹான்ஸ் யானோவிட்ஸும் கார்ல் மாயரும் அதிகாரத்தை எதிர்த்து எழுதிய கதைக்குச் சட்டகம் இருக்கவில்லை. இயக்குநர் ராபர்ட் வீனே அதனைப் புகுத்தி, அதிகாரத்தை எதிர்ப்பவனைப் பைத்தியமாக்கினார் என்று அவர் 1947இல் எழுதினார். ஜெர்மானிய மனம் கொடுங்கோன்மைக்குப் பணிந்தமையைத் திரைப்படங்களில் காணும் அவரது பெருங்கருத்துக்கு இந்நிகழ்ச்சி முதன்மைச் சான்று. அச்சான்றின் மூலமோ யானோவிட்ஸின் நினைவுக்குறிப்பு. அந்நூல் வெளிவந்தபோது வீனே, மாயர் இருவருமே உயிரோடில்லை.

காலிகாரியாக நடித்த வெர்னர் கிராவுஸ் தம்மிடம் வைத்திருந்த திரைக்கதைப் பிரதி 1970களில் பெர்லின் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்து, 1995இல் அச்சேறியது. அதிலும் ஒரு சட்டகம் உண்டு! ஆண்டுகள் பல கழிந்தபின், மணமாகி வசதியாக வாழும் பிரான்சிஸ் தன் இல்லத்தில் நண்பர்களுக்குப் பழைய கதையைச் சொல்கிறான். அவன் சொல்லை ஐயுறுவதற்கு அங்கு இடமில்லை.

எனவே சட்டகமே பின்னர் ஒட்டப்பட்டது என்னும் கூற்று நிலைபெறாது. ஆயினும் கிராக்காவரை முற்றாகத் தள்ளிவிடுவோர் மிகைபடக் கூறுகின்றனர் என்றே கருத வேண்டியுள்ளது. நம்பத்தக்க கதைசொல்லி நம்பத்தகாதவனாக மாற்றப்பட்டமை பிரதியை ஒப்பிடுகையில் மேலும் உறுதியாகிறது. மாற்றியவர் யார் என்பதே சிக்கல்: யானோவிட்ஸ் வீனேயைச் சுட்டினார்; ஃபிரிட்ஸ் லாங்கோ அவ்வெண்ணம் தம்முடையது என உரிமை கோரினார். இரண்டுமே பிற்கால நினைவுகள்.

மாற்றத்தின் பொருளும் கிராக்காவர் கருதிய அளவிற்குத் தெளிவானதன்று. பிரான்சிஸின் பிறழ்ந்த பார்வையே கோணல் அரங்கமைப்புக்குக் காரணமெனின், கதை முடிந்ததும் காட்சி நேராகியிருத்தல் வேண்டும். விடுதியின் முற்றமோ, அவன் கதையில் தோன்றிய அதே தீட்டிய கோடுகளுடன் இறுதிக் காட்சியிலும் நிற்கிறது.