கொக்கோ காய் அழுகல் நோயும் புரதப் பகுப்பாய்வும்

கொக்கோ காய் அழுகல் நோய் என்பது பைட்டோப்தோரா பேரினத்தைச் சேர்ந்த, பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிரிகளால் உண்டாகும் நோயாகும். காயில் தோன்றும் பழுப்புப் புள்ளி விரைவாகப் பரவி, காய் முழுவதும் கறுத்து அழுகிவிடும்.

பல ஆண்டுகளாக இந்நோய்க்குப் பெரும்பாலும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற ஒரே சிற்றினமே காரணம் எனக் கருதப்பட்டது. இந்தியாவில் பனை மரங்களின் குருத்தழுகலை ஆராய்ந்த எட்வின் பட்லர் 1919-இல் இட்ட பெயர் அது. ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் நோயின் கடுமை மிகுதியாக இருந்தது. 1970-களில் ஆய்வாளர்கள் வித்துப்பையின் காம்பு நீளம், குரோமோசோம்களின் அளவு, எண்ணிக்கை ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரே பெயருக்குள் பல வடிவங்கள் இருப்பதைக் கண்டனர். 1979-இல் பிரேசியரும் கிரிஃபினும் பெரிய குரோமோசோம்கள் கொண்ட வடிவத்துக்குப் பைட்டோப்தோரா மெகாகார்யா எனப் பெயரிட்டனர்.

எனினும் வளர்ப்பு ஊடகமும் வெளிச்சமும் மாறினால் உருவமும் ஓரளவு மாறும். புரதங்களின் அமைப்போ மரபணுக்களால் தீர்மானிக்கப்படுகிறது. நுண்ணுயிரியை அரைத்தெடுத்த சாற்றைக் கூழ்மத்தில் இட்டு மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் தம் அளவுக்கும் மின்னூட்டத்துக்கும் ஏற்ப வெவ்வேறு தொலைவு நகரும். சாயமிட்டதும் அவை பட்டைகளாகத் தெரியும். எலக்ட்ரோபோரசிஸ் எனப்படும் இம்முறையைக் கொண்டு, காவோசிரி, செண்ட்மையர் ஆகியோர் கொக்கோவைத் தாக்கும் வடிவங்களின் புரதங்களையும் எஸ்டரேஸ், பெராக்சிடேஸ் நொதிகளையும் ஒப்பிட்டு 1980-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 1991-இல் ஊடெமான்ஸ், காஃபி ஆகியோர் பன்னிரண்டு பைட்டோப்தோரா சிற்றினங்களின் நொதி வேறுபாடுகளை ஆராய்ந்து, அவற்றின் வகைப்பாட்டைத் திருத்தி அமைத்தனர்.

இந்த வேறுபாடு பெயரளவிலானது அன்று. மெகாகார்யா மண்ணிலும் வேர்களிலும் தங்கியிருந்து, மழைக்காலத்தில் மீண்டும் காய்களைத் தாக்கும். ஆகவே மரத்திலுள்ள அழுகிய காய்களைப் பறித்து அகற்றுவதால் மட்டும் அதைக் கட்டுப்படுத்த முடியாது. 1985-இல் கானாவில் அது கண்டறியப்பட்டபோது, உழவர்கள் பழைய நோயைவிடக் கடுமையான ஒன்றை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கேரளத்தில் மிளகுக் கொடியை விரைவாக வாடச் செய்யும் நுண்ணுயிரியும் முன்பு பால்மிவோராவின் நான்காம் வடிவம் என்றே குறிக்கப்பட்டது. பின்னர் அது பைட்டோப்தோரா கேப்சிசி எனப் பிரித்தறியப்பட்டது.

இன்று இப்பணியைப் பெரும்பாலும் டி.என்.ஏ. ஆய்வு செய்கிறது. ஆயினும் ஒரே தோற்றமுள்ள நோய்க்கு வெவ்வேறு காரணிகள் இருக்கலாம் என்பதை மூலக்கூறு அளவில் முதலில் காட்டியவற்றுள் புரதப் பட்டைகளும் அடங்கும்.