சோன்ஃப் மைதானத்தில் ஒரு ஊர் இருந்தது

எங்கள் வனச் சுற்றுலா பற்றிப் பேச அழைத்தார்கள். அந்தப் பயணத்தால் எனக்குத் தெரியவந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர், இரண்டு ஜிப்சி வண்டிகள். இடம் மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா தேசியப் பூங்கா. ஜனவரிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சால் மரக் காட்டைக் கடந்தோம். சட்டென்று பெரிய புல்வெளி ஒன்று விரிந்தது. பாரசிங்கா மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வழிகாட்டி இந்தியில் சொன்னார்: "இது சோன்ஃப் மைதானம். முன்பு இங்கே ஊர் இருந்தது." புலி தென்படவில்லையே என்ற கவலையில் நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கன்ஹா 1933இல் சரணாலயமானது, 1955இல் தேசியப் பூங்காவானது. அந்தக் காலத்தில் புலிகளை அழித்தவர்கள் யார்? அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சர்குஜாவின் மகாராஜா ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைத் தாம் சுட்டதாகக் கணக்கு வைத்திருந்தார். ஆங்கில அதிகாரிகளுக்கும் அது பொழுதுபோக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு, வெளிநாட்டவருக்கு வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்து தரும் நிறுவனங்கள் வந்தன. தங்குமிடம், சாப்பாடு, வண்டி, வழிகாட்டி, கடைசியில் ஒரு புலி. எங்கள் சுற்றுலாவின் பட்டியலும் ஏறக்குறைய இதுதான். துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா.

1972 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 1,827 புலிகளே எஞ்சியிருந்தன. அதே ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் ஒன்பது காப்பகங்களுடன் புலித் திட்டம் தொடங்கியது. அவற்றில் கன்ஹாவும் ஒன்று.

பாரசிங்காவின் நிலை இன்னும் மோசம். 1970இல் கன்ஹாவில் 66 மான்களே இருந்தன. அவற்றுக்கு உயரமான புல் வேண்டும்; குட்டிகள் அதில்தான் ஒளிந்து வளரும். 1969இல் சோன்ஃப் கிராமத்தைக் காட்டுக்கு வெளியே மாற்றினார்கள். வயல்கள் இருந்த இடத்தில் புல் வளர்ந்தது, மான்கள் வந்தன. தொடர்ந்து மற்ற ஊர்களும் வெளியேற்றப்பட்டன. 66 மான்கள் இன்று பல நூறாகப் பெருகியிருக்கின்றன. இது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலை கொடுத்தவர்கள் மகாராஜாக்கள் அல்லர். கோண்டுகளும் பைகாக்களும்தான் கொடுத்தார்கள்.

பைகாக்களுக்கு இது முதல் முறையும் அல்ல. மரக்கிளைகளை வெட்டி எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பது அவர்கள் வேளாண்மை, பெயர் பேவார். ஏர் பூட்டி உழுவது பூமித்தாயின் மார்பைக் கிழிப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆங்கிலேய வனத்துறை பேவாரைத் தடுத்தது. 1890இல் 'பைகா சக்' என்ற சிறிய பகுதிக்குள் மட்டும் அதை அனுமதித்தது.

இதையெல்லாம் விரிவாக எழுதியவர் வெரியர் எல்வின். கிறிஸ்தவ ஊழியராக இந்தியாவுக்கு வந்தவர். 1932இல் அன்றைய மண்ட்லா மாவட்டத்தின் கரஞ்சியா கிராமத்தில் நண்பர் ஷாம்ராவ் ஹிவாலேயுடன் குடியேறினார். அங்கே தொழுநோயாளிகளுக்கும் ஓர் இல்லம் நடத்தினார்கள். நர்ஸான என்னை முதலில் ஈர்த்தது அதுதான். 1935இல் அவர் திருச்சபையை விட்டு விலகினார். 1939இல் பைகாக்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. வேதம் சொல்ல வந்தவர் அந்த மக்கள் சொன்னதைக் கேட்க உட்கார்ந்துவிட்டார். விசுவாசியான எனக்கு அவருடைய விலகல் வருத்தம்தான். ஆனாலும் கேட்பதும் ஒரு ஊழியம் என்று வார்டில் இத்தனை வருடம் நின்றதில் எனக்குத் தெரியும்.

2006இன் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்பவர்களின் உரிமையை ஏற்றுக்கொண்டது. மக்கள் சம்மதமின்றிப் புலிகளின் வாழிடத்திலிருந்து அவர்களை நகர்த்தக் கூடாது என்பது இன்று சட்டம். சோன்ஃப் காலியானபோது அப்படி ஒரு சட்டம் இல்லை.

கடைசி இரவு, தங்குமிடத்தில் நெருப்பு மூட்டி எங்களுக்காகப் பைகா நடனம் வைத்தார்கள். நாங்கள் கைதட்டினோம், படம் எடுத்தோம். ஆடியவர்களிடம் "உங்கள் சொந்த ஊர் எது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த நேரலையில் இருப்பவர்களில் பலரிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்டால், பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எனக்கும்தான். நீங்கள் கன்ஹாவுக்குப் போனால், புலி வரும்வரை சும்மா இருக்காமல், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.