விமானத்தில் பேனா கத்தி கொண்டு போகலாமா? ஒரகடம் டெக்னீஷியன்கள் கவனிக்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களின் பையைத் திறந்தால் லஞ்ச் பாக்ஸோடு ஒரு கட்டரோ மடக்குக் கத்தியோ கிடக்கும். அட்டைப்பெட்டி பிரிக்க, ஒயர் சீவ என்று ஷிப்ட் முழுக்க அதற்கு வேலை இருக்கும். அதே பையோடு சர்வீஸ் வேலைக்காக புனேவுக்கோ டெல்லிக்கோ கிளம்பும்போதுதான் மீனம்பாக்கத்தில் சிக்கல்.

விஷயம் இதுதான். கையில் எடுத்துச் செல்லும் கேபின் பையில் கத்தி கூடாது, செக்-இன் லக்கேஜில் வைக்கலாம். விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிசிஏஎஸ் அமைப்பின் விதி இது. "சின்னக் கத்திதானே சார்" என்று சொல்லிப் பார்ப்பதில் பலன் இல்லை. ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல் எல்லாமே செக்-இன்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து டெல்லி வந்த ஐசி 814 விமானம் கடத்தப்பட்டபோது, கத்தியால் குத்தப்பட்ட பயணி ஒருவர் உயிரிழந்தார். அடுத்த சில வாரங்களில், 2000 பிப்ரவரியில், ஜெய்ப்பூரில் தொடங்கி விமான நிலையப் பாதுகாப்பு சிஐஎஸ்எஃப் வசம் போனது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 வரை 4 அங்குலத்துக்குக் குறைவான கத்திக்கு அனுமதி இருந்தது. 2013-ல் சின்னக் கத்திகளை மறுபடி அனுமதிக்கலாம் என்றார்கள். விமானப் பணியாளர்கள் எதிர்த்ததால் கைவிட்டார்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே 6 செ.மீ. வரையிலான பிளேடை கேபினில் விடுகிறார்கள். அதனால் ஜெர்மனியிலிருந்து ஆலைக்கு வரும் இன்ஜினியரின் ஸ்விஸ் கத்தி சென்னை வரை பத்திரமாக வந்துவிடும், இங்கிருந்து உள்நாட்டு விமானம் ஏறும்போது மாட்டும். உங்கள் பிளான்ட்டுக்கு அப்படி யாராவது வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் விதிவிலக்கு சீக்கியர்களின் கிர்பானுக்கு உண்டு: உள்நாட்டு விமானங்களில் மட்டும், பிளேடு 6 அங்குலம், மொத்த நீளம் 9 அங்குலத்துக்கு மிகாமல்.

கார்ட்லெஸ் டிரில் எடுத்துப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். டிரில் செக்-இன்னில் போகும், ஆனால் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி கேபினில்தான் வரணும். 100 வாட்-ஹவர் வரை பிரச்சனை இல்லை. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 18 வோல்ட், 5 ஏஎச் என்றால் 90. அதைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 160-ஐத் தாண்டினால் பயணப் பையில் இடமே இல்லை. கூடவே துருநீக்கி ஸ்ப்ரே மாதிரி தீப்பிடிக்கும் கேன்களை எந்தப் பையிலும் வைக்காதீங்க.

செக்-இன்னில் வைக்கும் கத்தியை மடக்கி, துணி சுற்றி வையுங்கள். பையைத் திறந்து சோதிப்பவரின் கை கிழியக்கூடாது இல்லையா.

எக்ஸ்ரேயில் மாட்டிக்கொண்டால்? நேரம் இருந்தால், விமான நிறுவன ஊழியரிடம் கேட்டு, திரும்பிப் போய் பையை செக்-இன் செய்ய முடியுமா என்று பாருங்கள். கவுண்ட்டர் மூடியிருந்தால் கத்தியை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். கம்பெனி டூல் என்றால் ஸ்டோரில் கணக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதனால் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே பையின் சைடு ஜிப்பைத் திறந்து ஒருமுறை கைவிட்டுப் பார்த்துவிடுங்க.